மகளுக்கு ஒரு ஷாட்கன், 700 டாலருக்குள்

பள்ளியின் களிமண் தட்டு சுடும் அணியில் இருக்கும் என் மகள் யாழினி துப்பாக்கியோடு நிற்கும் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்ட நாளிலிருந்து எனக்கு இரண்டு விதமான அழைப்புகள் வருகின்றன. மதுரையிலிருந்து அம்மா கேட்பது, "சத்தத்துல புள்ளைக்குக் காது போயிராதா?" இங்கே மினசோட்டாவில் இருக்கும் தமிழ்ப் பெற்றோர் கேட்பது, "எந்தத் துப்பாக்கி வாங்கினீங்க, எவ்வளவு ஆச்சு?" அம்மாவுக்குப் பதில் சொல்வது சுலபம். காதுக்குள் நுரைப்பஞ்சு அடைப்பான், அதன் மேல் காதுமூடி, கண்ணுக்குக் கண்ணாடி. இவை இல்லாமல் எங்கள் பயிற்சியாளர் யாரையும் சுடும் கோட்டுக்கு அருகில் விடுவதில்லை, வேடிக்கை பார்க்கும் என்னையும் சேர்த்து. இரண்டாவது கேள்விக்குத்தான் ஃபோனில் பதில் சொல்லி முடியவில்லை. நாங்கள் முதலில் தப்பான துப்பாக்கியை வாங்கி, பிள்ளையை வலிக்க வைத்து, அப்புறம்தான் சரியானதற்கு வந்தோம். அந்தக் கதையையும் சேர்த்துச் சொன்னால்தான் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

பின்னணி தெரியாதவர்களுக்குக் கொஞ்சம். இங்கே உயர்நிலைப்பள்ளிகளில் கூடைப்பந்து, நீச்சல் மாதிரி களிமண் தட்டு சுடுவதற்கும் அணி உண்டு. பள்ளி மாணவர்களுக்கான இந்த லீக் 2001இல் இதே மினசோட்டாவில்தான் தொடங்கியது. இன்று பல மாநிலங்களில் நடக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து சேரலாம். ஆண், பெண் எல்லாரும் ஒரே அணி. சேரும் முன் துப்பாக்கிப் பாதுகாப்பு வகுப்பு முடித்திருக்க வேண்டும். மாநில இயற்கை வளத் துறையின் அந்த வகுப்பில் 11 வயதிலிருந்து சேரலாம், சான்றிதழ் 12 வயதில் செல்லுபடியாகும். யாழினி 14 வயதில், ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தாள். அவளுடைய தோழி அணியில் இருந்தாள், இவளும் போகிறேன் என்றாள். அவ்வளவுதான் காரணம்.

டிராப் என்ற இந்த ஆட்டம் இதுதான். தரையோடு தரையாக ஒரு சின்ன அறை, அதற்குள் தட்டு எறியும் இயந்திரம். அதற்கு 16 கெஜம் பின்னால் ஐந்து இடங்கள், ஐந்து பேர். ஒருவர் "புல்" (ஆங்கிலத்தில் Pull, 'இழு') என்று கூவியதும், மணிக்கு 65 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் ஆரஞ்சு நிறத் தட்டு ஒன்று உயர்ந்து விலகிப் பறக்கும். எந்தப் பக்கம் போகும் என்று முன்கூட்டியே தெரியாது. இடத்துக்கு ஐந்தாக 25 தட்டு சுட்டால் ஒரு சுற்று. பெயர்தான் களிமண், தட்டு செய்வது சுண்ணாம்புக்கல் தூளும் தார்ப்பிசினும் கலந்து. விட்டம் 108 மில்லிமீட்டர், நம் வீட்டு டிபன் தட்டில் வைக்கும் இட்லியை விடக் கொஞ்சம் பெரிது.

எனக்கு முன் அனுபவம் என்று சொல்ல, தமுக்கம் மைதானத்தில் சித்திரைப் பொருட்காட்சியில் பலூன் சுட்டது மட்டும்தான். அதனால் முதல் துப்பாக்கியை வாங்கும்போது எல்லாரும் யோசிப்பது போலத்தான் யோசித்தேன். பிள்ளை ஒல்லி, 42 கிலோ, ஐந்தடி உயரம். அவளுக்குச் சின்னதாக, எடை குறைவாக இருக்க வேண்டும். பெரிய கடை ஒன்றில் விற்பனையாளரும் அதையே சொன்னார். 12 கேஜ் (குழலின் அளவு) வேண்டாம், 20 கேஜ் எடுங்கள், சிறுவர் மாடல் இருக்கிறது, ஆறு பவுண்டுகூட இல்லை. கையில் வாங்கிப் பார்த்தேன், பஞ்சு மாதிரி இருந்தது. 430 டாலர். யாழினியும் தோளில் வைத்துப் பார்த்துச் சிரித்தாள். வாங்கிவிட்டோம்.

முதல் வாரம் 25க்கு 7. புதியவளுக்கு அது பரவாயில்லை. இரண்டாம் வாரம் 5. மூன்றாம் வாரம் காரில் ஏறும்போதே முகம் வாடியிருந்தது. அன்று இரவு குளித்துவிட்டு வந்தவளின் வலது தோளில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப் போயிருப்பதைப் பார்த்தேன். கன்னத்து எலும்பிலும் லேசாக நீலம். "வலிக்குதா" என்றால் "இல்லம்மா" என்கிறாள். 430 டாலர் போட்டு அம்மா வாங்கிக் கொடுத்ததை எப்படி வலிக்கிறது என்று சொல்வது என்று நினைத்திருக்கிறாள். எனக்கு அதுதான் இன்றும் உறுத்துகிறது.

அடுத்த வாரம் பயிற்சியாளர் ஒரு சோதனை செய்தார். முப்பது வருடமாக இந்த ஆட்டம் ஆடும் ஓய்வுபெற்ற விவசாயி அவர், அதிகம் பேசமாட்டார். "இங்கே கொடு, நானே நிரப்பித் தருகிறேன்" என்று துப்பாக்கியை வாங்கி, அவள் பார்க்காதபடி மருந்தில்லாத டம்மி தோட்டாவைப் போட்டுக் கொடுத்தார். யாழினி தோளில் வைத்தாள், கூவினாள். தட்டு பறந்தது, விசையை இழுத்தாள். 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம். வெடி இல்லை, துப்பாக்கி பின்னால் வந்து தோளில் இடிக்கும் உதையும் இல்லை. ஆனால் குழலின் முனை ஒரு சாண் கீழே குத்தியது. வலது தோள் தானாக முன்னால் பாய்ந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு கண்களும் இறுக்கமாக மூடியிருந்தன. தட்டு அது பாட்டுக்குப் போய்ப் புல்லில் விழுந்தது.

"இது பயம் இல்லை, உடம்பு கற்றுக்கொண்ட பழக்கம். இந்தத் துப்பாக்கி இருக்கும்வரை போகாது" என்றார்.

நான் மருத்துவக் கருவி செய்யும் கம்பெனியில் தரப் பொறியாளர். கணக்குப் போட்டுப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. அன்று இரவு போட்ட கணக்கு மிக எளிமையானது, வாங்கும் முன்பே போட்டிருக்க வேண்டியது. தோட்டாவிலிருந்து வெளியேறும் ரவையின் (சின்னச் சின்ன உலோக உருண்டைகள்) எடையும் வேகமும் ஒன்றாக இருந்தால், துப்பாக்கி எவ்வளவு கனமோ அந்த அளவுக்கு உதை குறையும். எங்கள் 20 கேஜ் 2.6 கிலோ. அதில் போட்டது 7/8 அவுன்ஸ், அதாவது கிட்டத்தட்ட 24 கிராம் ரவை. அதே 24 கிராம் ரவைத் தோட்டா 12 கேஜிலும் கிடைக்கிறது. அதை 3.6 கிலோ எடையுள்ள 12 கேஜில் போட்டால் என்ன ஆகும்? எங்களுடைய 'சின்ன' துப்பாக்கியின் உதை அதைவிட ஏறக்குறைய 40 சதவீதம் அதிகம்! கேஜ் என்பது குழலின் உள்விட்டத்தைக் குறிக்கும் எண்தானே தவிர, உதையின் அளவு அல்ல. 12 கேஜ் என்றால், ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டை நுழையும் விட்டம், சுமார் 18.5 மில்லிமீட்டர். 20 கேஜ் என்றால் 20 உருண்டை. அதனால்தான் எண் கூடினால் குழல் சிறுக்கிறது. அந்தச் சிறிய குழலைச் சுற்றி எடை குறைவான துப்பாக்கியைக் கட்டி, சிறுவர் மாடல் என்று எழுதிக் குழந்தையின் தோளில் வைக்கிறோம். காட்டில் நாள் முழுக்கத் தூக்கி நடந்து இரண்டு முறை சுடுபவருக்கு அந்த எடைக் குறைவு வரம். ஒரு மாலையில் 50 முறை சுடும் பிள்ளைக்கு அது தண்டனை.

"24 கிராம் போதுமா, மற்ற பிள்ளைகள் எல்லாம் 32 கிராம் போடுகிறார்களே" என்று யாழினி கேட்டாள். அதற்குப் பதில் ஒலிம்பிக்கில் இருந்தது. ஒலிம்பிக் டிராப் போட்டியில் 24 கிராமுக்கு மேல் ரவை இருக்கவே கூடாது என்பது விதி. அங்கே தட்டு இதைவிட வெகு வேகமாகப் போகும். புதுக்கோட்டை தொண்டைமான் குடும்பத்துப் பிருத்விராஜ் தொண்டைமான், 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் டிராப் அணிப் பிரிவில் தங்கம் வென்ற மூவரில் ஒருவர், 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்கும் போனவர். அவர் சுடுவதும் அதே 24 கிராம்தான் என்று சொன்னேன். "தமிழ்க்காரரா?" என்று கேட்டவள், அன்றைக்கே அவருடைய வீடியோக்களைத் தேடி உட்கார்ந்து பார்த்தாள். 8ஆம் எண் ரவை என்றால் 24 கிராமில் சுமார் 350 ரவைகள். ஒரு தட்டை உடைக்க அதில் மூன்று நான்கு பட்டால் போதும்.

சின்னத் துப்பாக்கியை 290 டாலருக்கு விற்றோம். 140 டாலர் நட்டம்.

இரண்டாவது முறை கடைக்குப் போகும் முன் பயிற்சியாளர் எங்களை ஐந்து நிமிடம் உட்காரவைத்துக் கண்ணைச் சோதித்தார். இரண்டு கையையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே ஒரு சின்ன முக்கோண ஓட்டை வைத்து, தூரத்தில் இருக்கும் கொடிக்கம்பத்தை அதன் வழியே பார்க்கச் சொன்னார். பார்த்துக்கொண்டே கைகளை முகத்தை நோக்கிக் கொண்டுவர, யாழினியின் முக்கோணம் இடது கண்ணுக்கு வந்து நின்றது. வலது கைக்காரி, ஆனால் ஆளும் கண் இடது. வலது தோளில் வைத்துச் சுட்டால் இடது கண் குறுக்கே வந்து குறியை இழுத்துவிடும். இப்படிப் பல பேர் இருக்கிறார்களாம், பெண்களில் இது சகஜம் என்றார். இதற்கு ஒரு வழி, இடது தோளுக்கு மாறிப் பழகுவது. இல்லாவிட்டால் கண்ணாடியின் இடது கண்ணுக்கு நேராக ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு மங்கலான டேப் ஒட்டுவது. யாழினி டேப்பைத் தேர்ந்தெடுத்தாள். செலவு ஒன்றுமில்லை. தயவுசெய்து துப்பாக்கி பார்க்கும் முன் இதைச் செய்துவிடுங்கள். இடது தோள் என்று முடிவானால் வாங்க வேண்டிய துப்பாக்கியே வேறு.

சரி, எந்த வகை? பெரிய போட்டிகளில் பார்ப்பது பெரும்பாலும் மேலும் கீழுமாக இரட்டைக்குழல். அழகானது, மடித்துத் திறந்தால் காலியா நிரம்பியதா என்று தூரத்திலிருந்தே தெரியும். ஆனால் எங்கள் ஆட்டத்தில் ஒரு தட்டுக்கு ஒரு தோட்டாதான். இரண்டாவது குழலுக்கு வேலையே இல்லை. அதுவும் 600, 700 டாலரில் கிடைக்கும் புது இரட்டைக்குழல்கள் பெரும்பாலும் எடை குறைந்தவை. அணியில் ஒரு பையனுக்கு அவன் அப்பா அப்படி ஒன்று வாங்கிக் கொடுத்தார். இரண்டாம் மாதத்தில் கீழ்க்குழல் வெடிக்க மறுத்தது. பழுதுக்கு அனுப்பிவிட்டு, பருவத்தின் பாதியை அவன் இரவல் துப்பாக்கியில் முடித்தான். மாதம் ஒருமுறை 25 சுடுபவருக்கு அது உழைக்கலாம். வருடம் ஆயிரம் சுடுபவர் கொஞ்சம் பொறுத்து, பழைய நல்ல இரட்டைக்குழலாக வாங்கலாம்.

ரெமிங்டன் 870 போன்ற பம்ப் வகை, அதாவது முன்கட்டையைக் கையால் பின்னுக்கு இழுத்துத் தோட்டா மாற்றுவது, அதுதான் இருப்பதில் மலிவு. 1950இலிருந்து வரும் மாடல், உழைப்பில் குறை சொல்ல முடியாது. பெரியவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வேன். ஆனால் உதை முழுவதும் தோளுக்கே வரும். பிரௌனிங் பிடி-99 என்ற ஒற்றைக்குழல் இந்த ஆட்டத்துக்கென்றே பிறந்தது, 1960களின் கடைசியில் வந்தது, ஜப்பானில் மிரோக்கு கம்பெனி செய்து கொடுப்பது. அணியில் ஒரு பெண் வைத்திருக்கிறாள். ஒவ்வொரு முறை மூடும்போதும் வங்கிப் பெட்டகம் மூடுவது மாதிரி ஒரு சத்தம். எனக்கு அதன் மேல் ஆசைதான். ஆனால் குழல் 32 அங்குலம், முன்பக்கம் கனம், யாழினியால் பத்துத் தட்டுக்கு மேல் தாங்க முடியவில்லை. எங்கள் பக்கம் பழையதே ஆயிரம் டாலரைத் தாண்டுகிறது. அவள் பதினேழு வயதாகி இன்னும் ஆடிக்கொண்டிருந்தால் அப்போது பார்ப்போம்.

எஞ்சியது வாயுவில் இயங்கும் ஒற்றைக்குழல் ஆட்டோ (அரைத் தானியங்கி). தோட்டா வெடிக்கும்போது எழும் வாயுவில் கொஞ்சத்தைக் குழலின் அடியில் உள்ள சிறு துளைகள் வழியே எடுத்து, காலித் தோட்டாவை வெளியே தள்ளப் பயன்படுத்தும். அந்த வேலையில் உதையின் கூர்மை மழுங்கிவிடும். அடி போல விழாமல், தள்ளுவது போல வரும். பெரெட்டா ஏ300 புதிது வாங்கப் பணம் இருந்தால் அதை வாங்குங்கள். சோக் (குழல் வாயின் குறுக்கம்) மாற்றிக்கொள்ளலாம், ஸ்கீட், ஸ்போர்ட்டிங் என்ற மற்றத் தட்டு ஆட்டங்கள் எல்லாவற்றுக்கும் ஆகும். எங்கள் கணக்குக்குள் வந்தது பழைய ரெமிங்டன் 1100. 1963இல் வந்த மாடல், நாற்பது லட்சத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள். அதனால் பழைய பாகங்கள் எங்கும் கிடைக்கும், பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

ஒரு மணி நேரம் தள்ளி நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு பழைய கடை. முன்னால் துப்பாக்கி, பின்னால் மரப் பட்டறை. பயிற்சியாளர்தான் போகச் சொன்னார். அலமாரியில் ஐந்து 1100 இருந்தன. பளபளப்பாக இருந்ததை நான் எடுத்தேன். கடைக்காரர் சிரித்துவிட்டு, கீறல் விழுந்த இன்னொன்றை எடுத்து மேசையில் வைத்தார். காலி என்று எனக்குக் காட்டிவிட்டு, முன்கட்டையின் மூடியைத் திருகிக் கழற்றி, கட்டையை உருவினார். உள்ளே எஃகுக் குழாய் ஒன்று, அதன் மேல் ஒரு சின்னக் கறுப்பு ரப்பர் வளையம். "இது இருக்கிறதா, வெடித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்" என்றார். பார்த்ததும் புரிந்தது. குக்கர் கேஸ்கட்டேதான்! அது தேய்ந்தால் வாயு கசியும். கேஸ்கட் போன குக்கர் விசில் அடிக்காத மாதிரி இதுவும் தோட்டாவைத் துப்பாமல் நின்றுவிடும். புதிது ஒரு சில டாலர்தான். இந்த ஒரு வளையம் போனதால் 'ரிப்பேர்' என்று மலிவாக வந்து விழும் துப்பாக்கிகள் உண்டு என்றார்.

அப்புறம் அவர் காட்டியபடி நானே ஒவ்வொன்றாகப் பார்த்தேன். குழாயில் துரு குழித்திருக்கிறதா. வாயுத் துளைகள் கரி அடைத்திருக்கின்றனவா. அடைப்பு என்றால் சுத்தம் செய்யலாம், அது குற்றமில்லை. முன்கட்டையின் உட்புறம் விரிசல் இருக்கிறதா, இந்த மாடலின் பழைய நோய் அது. பின்கட்டை உலோகத்தோடு சேரும் இடத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா. குழலைத் தனியே கழற்றி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால், உள்ளே வளைய வளையமாக வெளிச்சம் தெரியும். எங்காவது வளையம் நெளிந்தால் அங்கே குழல் நசுங்கியிருக்கிறது என்று பொருள். நான் எடுத்த பளபளப்பானதில் ஒரு நெளிவு இருந்தது. கீறல் விழுந்ததில் இல்லை. 28 அங்குலக் குழல், மாடிஃபைட் சோக், எடை எட்டுப் பவுண்டு. 460 டாலருக்குக் கொடுத்தார்.

சோக் பற்றிக் கடைகளில் நிறையப் பேசுவார்கள். குழலின் வாயை எவ்வளவு குறுக்கியிருக்கிறது என்பதுதான் விஷயம். மாடிஃபைட் என்றால் 40 கெஜத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் சுமார் 60 சதவீத ரவை, ஃபுல் என்றால் சுமார் 70. நாங்கள் தட்டை அடிப்பது 35 கெஜத்துக்குள். மாடிஃபைட் தாராளம். பழைய நிலையான ஃபுல் சோக் குழலில் எஃகு ரவை போடக் கூடாது என்பதை மட்டும் மறக்காதீர்கள். சில மைதானங்களில் எஃகு ரவைதான் அனுமதி, கேட்டுவிட்டு வாங்குங்கள்.

எனக்கு மனதில் நிற்பது அதற்கடுத்த அரை மணி நேரம். துப்பாக்கிக் கட்டைகள் சராசரி ஆணின் கைக்கு அளவெடுத்தவை. விசையிலிருந்து தோள்வரை 14 அங்குலம். யாழினிக்கு வேண்டியது பன்னிரண்டே முக்கால். நீளமான கட்டையை வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை பின்னால் வளைந்து நிற்பாள், உதை வந்ததும் இன்னும் பின்னால் போவாள். கடைக்காரர் அவளைச் சுவரைப் பார்த்து நிற்கவைத்து, கண்ணை மூடித் தோளில் வைக்கச் சொல்லி, பிறகு கண்ணைத் திறக்கச் சொல்லி, மூக்குக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே இரண்டு விரலை வைத்துப் பார்த்தார். பட்டறையில் கட்டையைச் சுற்றி மரம் சிலும்பாமல் இருக்க டேப் ஒட்டி, பென்சிலால் கோடு போட்டு, ரம்பத்தை ஓட்டினார். வால்நட் மரத்தின் வாசனை, வறுத்த கொட்டை மாதிரி. விழுந்த துண்டு முட்டை வடிவத்தில், நடுவில் ஆணிக்கான ஓட்டையோடு இருந்தது. அதை ஊதித் துடைத்து யாழினியின் கையில் கொடுத்தார். "தூக்கிப் போடாதே, நீ வளருவாய்" என்றார். புதிய ரப்பர் திண்டும் வைத்து 75 டாலர். கட்டையை வெட்டினால் விற்கும்போது விலை குறையும் என்பது உண்மை. அது பிடிக்காதவர்கள் பழைய கட்டை ஒன்றைத் தனியாக வாங்கி அதை வெட்டுகிறார்கள்.

கன்னம் படும் இடத்தையும் உயர்த்த வேண்டியிருந்தது. அதற்கு ஒட்டும் துணிப்பட்டை, மருந்துக்கடையில் கால் கொப்புளத்துக்கு விற்பது, இரண்டு அடுக்கு. பிறகு 30 கெஜத்தில் பெரிய காகிதத்தைக் கட்டிச் சுட்டுப் பார்த்தோம். ரவைக் கூட்டம் குறிக்குக் கையகலம் மேலே விழுந்தது. தட்டு உயர்ந்துகொண்டே போவதால் இந்த ஆட்டத்துக்கு அதுதான் வேண்டும்.

காதுமூடி, கண்ணாடி 45 டாலர், தோட்டாப் பை 20. காலித் தோட்டா வலப்பக்கம் நிற்கும் பிள்ளையின் மேல் பாயாமல் தடுக்கும் சின்னக் கிளிப் ஒன்று 15. ஆட்டோ வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் வாங்குங்கள், பக்கத்தில் நிற்பவருக்கு நாம் செய்யும் மரியாதை அது. ஆக 615. இதில் பூட்டும் இரும்பு அலமாரியைச் சேர்க்கவில்லை. அது 130 டாலர், துப்பாக்கி வருவதற்கு முந்தைய வாரமே வாங்கிச் சுவரில் பொருத்திவிட்டோம். வீட்டில் எட்டு வயதுப் பையன் இருக்கிறான். சாவி என்னிடம், தோட்டா வேறு அறையில் வேறு பூட்டில். இதில் எனக்குப் பேரம் கிடையாது.

தோட்டாதான் தொடர் செலவு. எங்கள் பருவம் எட்டு வாரம், வாரம் 50, ஆக 400. வெளிப் பயிற்சியும் அதே அளவு. நாங்கள் வாங்கும் இடத்தில் 25 கொண்ட பெட்டி சுமார் 10 டாலர். 800 தோட்டாவுக்கு 320 டாலர். இரண்டு வருடத்தில் அது துப்பாக்கி விலையைத் தாண்டிவிடும். அதனால் துப்பாக்கியில் நூறு டாலர் மிச்சம் பிடிக்க நினைத்து, பிள்ளை சுட விரும்பாத ஒன்றை வாங்காதீர்கள். 24 கிராம் தோட்டாவில் சில 1100கள் சரியாகத் துப்பாது. எங்களுடையது பத்தில் ஒன்று நின்றுவிடும், கையால் இழுத்துவிடுகிறாள். ஒரு தட்டுக்கு ஒரு தோட்டா என்பதால் அதில் எந்த நட்டமும் இல்லை.

விசா பற்றி ஒன்று. கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் கடையில் படிவம் 4473 நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்து வாங்கலாம். நான் அப்படித்தான் வாங்கினேன். எச்1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி பொதுவாகத் தடை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு என்று சட்டம் சொல்கிறது. ஆனால் இதில் தப்பு நடந்தால் போவது வேலையும் நாடும். எனவே வக்கீலிடம் கேட்காமல் பிள்ளைக்கு இரவல் துப்பாக்கியைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்.

புதுத் துப்பாக்கியோடு முதல் நாள் 25க்கு 9. பயிற்சியாளர் நடுநடுவே டம்மி தோட்டா போட்டுக்கொண்டே இருந்தார். மூன்று வாரம் கழித்து ஒரு முறை, 'டக்' என்றபோது குழல் அசையவில்லை. தட்டின் பின்னாலேயே மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது, கண் இரண்டும் திறந்திருந்தன. அவர் என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். பருவக் கடைசியில் 19. ஜூனில் அலெக்ஸாண்ட்ரியாவில் நடக்கும் மாநிலப் போட்டிக்கு இந்த வருடம் அணியோடு போகிறாள்.

இந்த மார்ச்சில் அளந்தபோது இரண்டு அங்குலம் வளர்ந்திருக்கிறாள். துப்பாக்கியைத் தோளில் வைத்தால் மூக்கு கட்டைவிரலில் இடிக்கிறது. போன சனிக்கிழமை ரப்பர் திண்டைக் கழற்றி, அரை அங்குலப் பிளாஸ்டிக் தகடு ஒன்றை நடுவில் வைத்து, நீளமான திருகு போட்டு முடுக்கினோம். வால்நட் துண்டு அவளுடைய மேசையில் பென்சில் டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பின்புறத்தில் வெட்டிய தேதியை எழுதி வைத்திருக்கிறாள். அடுத்த வருடம் அதையே திரும்ப ஒட்ட முடியுமா என்று கடைக்காரரைக் கேட்கச் சொல்லியிருக்கிறாள்.